நரிக்கு எந்தக் காலிபர்?

எவ்லின் வீட்டுக் கோழிகளைத் தின்னும் நரியைத் தன் கையாலேயே சுடுவது என்று உமாபதி சபதம் எடுத்தபோது கோழிகள் பதினொன்று இருந்தன. எந்தத் துப்பாக்கியால் சுடுவது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் நாலாகிவிட்டன.

சபதத்துக்குக் காரணம் வீரம் அல்ல, நன்றி. பிராங்பேர்ட்டில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதும் உமாபதி, வாடகை குறைவு என்று மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குக் குடிவந்தவன். வந்த முதல் குளிர்காலத்தில் பனி கொட்டி, ரயில் நின்று, அவன் ஆபீஸில் மாட்டிக்கொண்ட அன்றுதான் அவன் மனைவி வேதவல்லிக்குப் பிரசவ வலி எடுத்தது. பக்கத்து வீட்டு எவ்லின் தன் பழைய ஜீப்பில் அவளை ஏற்றி, ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் வேதவல்லியையும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். உமாபதி மூச்சிரைக்க வந்தபோது குழந்தை மீரா எவ்லின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இதற்கு என்ன கைம்மாறு செய்வது என்று அன்றைக்குத் தொடங்கிய யோசனை அவனுக்கு முடியவே இல்லை.

எவ்லின் வேட்டைக்காரி. ஊருக்கு வெளியே வயலும் காட்டோரமும் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த வேட்டை நிலம். மீரா இரண்டாம் வகுப்புக்கு வந்த வருஷம் அவருக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் ஆனது. இனி துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடக் கூடாது என்றார் டாக்டர். அந்தச் செய்தி நரிக்கு எப்படியோ எட்டிவிட்டது.

அந்த நாட்டில் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் பரீட்சை எழுத வேண்டும். மான் பல், நாய் ஜாதி, சட்டம், செடிகொடி எல்லாம் பாடம். உமாபதி சனிக்கிழமைதோறும் படித்து, ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறி, வேட்டை லைசென்ஸ் வாங்கி, ஆபீஸில் லட்டும் கொடுத்துவிட்டான். பாக்கி இருந்தது காலிபர் ஒன்றுதான். துப்பாக்கிக் குழலின் உள்ளளவு என்ன, அதற்கு எந்தத் தோட்டா என்பது.

"வேதா, டூ டூ டூ எடுக்கலாமா, டூ டூ த்ரீ எடுக்கலாமா?"

"யாரோட இத்தனை டூ விடுறீங்க?"

"விளையாடாதே. டூ டூ டூன்னா தோள்ல உதை கம்மி. குறி பிசகாது. ஆனா தோட்டா எல்லாக் கடையிலும் இருக்காது. டூ டூ த்ரீன்னா எங்கேயும் கிடைக்கும்."

"ரெண்டுக்கும் குழாய் எவ்வளவு வித்தியாசம்?"

"குழாய் ஒரே அளவுதான்."

வேதவல்லி தோசையைத் திருப்பினாள்.

"டூ ஃபோர் த்ரீன்னு இன்னொண்ணு இருக்கு. மானுக்கும் ஆகும். ஆனா நரித்தோல்ல பெரிய ஓட்டை விழும். ஹார்னெட்னு ஒரு குட்டித் தோட்டா, அதுல தோல் அப்படியே பத்திரமா இருக்கும்."

"இப்பவும் தோல் பத்திரமாத்தான் இருக்கு. நரி அதைப் போட்டுக்கிட்டு தினம் வந்து போகுது."

"நூத்தைம்பது மீட்டர்ல பக்கக் காத்து அடிச்சா தோட்டா எவ்வளவு விலகும் தெரியுமா?"

"அது எவ்லினோட கிச்சன் ஜன்னலுக்குக் கீழே வந்து நிக்குதுங்க! துடைப்பத்தாலயே அடிக்கலாம்."

இந்தக் காலிபர் உங்களைக் காலி பண்ணிவிடும் என்று அவள் எச்சரித்தும் உமாபதி கேட்கவில்லை. துப்பாக்கிக் கடைக்குப் படையெடுத்தான். கடைக்காரர் முதல் தடவை காபி கொடுத்தார். அடுத்த தடவை நாற்காலி மட்டும் கொடுத்தார். பிறகு இவன் தலை தெரிந்ததும் பின்கட்டுக்குப் போய், எதையோ தேடுகிற மாதிரி அங்கேயே இருந்துவிட்டார்.

அப்போதுதான் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் சென்னைக்குப் போக வேண்டி வந்தது. உமாபதிக்கு அங்கேயும் இதே நினைப்பு. திரும்பி வரும் விமானத்தில், கருங்கடலுக்கு மேலே எங்கேயோ, சட்டென்று தெளிவு பிறந்தது. அழைத்துப் போக ஏர்போர்ட்டுக்கு வந்த வேதவல்லியிடம் பெட்டியைக்கூடக் கொடுக்காமல் அறிவித்தான்.

"டூ டூ த்ரீ! முடிவு பண்ணிட்டேன்!"

"சந்தோஷம். நாளைக்கு விடியறப்போ எழுந்திரிங்க. எவ்லின் கூப்பிட்டிருக்காங்க."

மறுநாள் விடியலில், தூக்கம் கலையாத மீராவை எவ்லின் வீட்டு சோபாவில் படுக்க வைத்தார்கள். எவ்லின் இரும்புப் பெட்டியைத் திறந்து தன் துப்பாக்கியை எடுத்தார். உமாபதி இரண்டு கைகளையும் நீட்டினான். துப்பாக்கி அவனைத் தாண்டி வேதவல்லியிடம் போனது.

"தொடாதே! சட்டப்படி உனக்கு..."

வேதவல்லி சட்டைப்பையிலிருந்து வேட்டை லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். அவளுடைய போட்டோ. அவளுடைய பெயர்.

"மூணு வார கிராஷ் கோர்ஸ். வேலைக்கு லீவு போட்டேன். எவ்லின்தான் மீராவைப் பார்த்துக்கிட்டாங்க."

"முதல் தடவையிலேயே பாஸா?"

"மான் பல்லு மட்டும் கொஞ்சம் குழப்பம்."

உமாபதி துப்பாக்கியை எட்டிப் பார்த்தான். "இது என்ன காலிபர்?"

"எவ்லின் கொடுத்த காலிபர்."

நரி வந்து போகும் வழியில், வயலோரத்து மரமேடையில் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். பனிமூட்டம் மெல்ல விலகியது. மரங்களுக்கு நடுவிலிருந்து நரி வந்தது, மாதச் சம்பளம் வாங்க வருகிற மாதிரி நிதானமாக.

"சுடு, வேதா, சுடு!" என்று உமாபதி கிசுகிசுத்தான்.

"பின்னாடி ரோடு இருக்கு. பேசாம இருங்க."

அவள் காத்திருந்தாள். நரி நின்றது, மோந்தது, திரும்பி மண்மேட்டுக்கு முன்னால் வந்தது. அவள் மூச்சு ஒருமுறை ஏறி இறங்கியதை உமாபதி பார்த்தான். ஒரே வெடி. காதைப் பொத்திய கையை அவன் எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வேட்டைக்காரர் வழக்கப்படி, செத்த நரிக்கு மரியாதையாக வேதவல்லி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். உமாபதி அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். இத்தனை காலமாக எவ்லினுக்குத் தான் செய்ய நினைத்ததை இவள் செய்துவிட்டாள். பொறாமை வரும் என்றுதான் எதிர்பார்த்தான். அது வரவில்லை.

எவ்லின் வாசலிலேயே நின்றிருந்தார். வேதவல்லியைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு உமாபதியையும் கட்டிக்கொண்டார். அவன் என்ன செய்தான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அதற்கும் அவன் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டான்.

வீட்டுக்கு நடக்கையில் கேட்டான்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா எனக்கும் சேர்த்து காலிபர் பார்க்க ஆரம்பிச்சிருப்பீங்க."

நியாயமான பேச்சுதான் என்று உமாபதி தலையை ஆட்டினான்.

நவம்பரில் ஊர் வேட்டைக்காரர்கள் சேர்ந்து காட்டுப்பன்றி வேட்டை வைத்தார்கள். வேதவல்லியின் குறியை எவ்லின் ஊரெல்லாம் புகழ்ந்திருந்ததால் அவளுக்கு முதல் வரிசையில் ஒரு மேடை. பன்றிக்குப் பெரிய தோட்டா வேண்டும் என்று ஒருவர் தன் துப்பாக்கியை இரவல் கொடுத்தார். அவளும் என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

"எனக்கும் லைசென்ஸ் இருக்கு. எனக்கு என்ன இடம்?" என்றான் உமாபதி.

"புதருக்குள்ள இறங்கி, ஹோய் ஹோய்னு கத்திக்கிட்டே பன்றியை எங்க பக்கம் விரட்டணும். உங்க குரல்தான் வேணும்னு எவ்லின் கேட்டு வாங்கினாங்க."

சொல்லிக்கொண்டே வேதவல்லி, சுடுகிறவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற ஒரு ஆரஞ்சு கோட்டை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

"ஒரே சைஸ்தான் இருக்கு. யோசிக்காதீங்க."