இரவல் காய்ச்சல்

நோயாளிகள் உட்காரும் வாங்கில் ஒருவர்கூட இல்லை. பெரிய டாக்குத்தரின் ஜீப்போ கந்தளாயைத் தாண்டிவிட்டதாம்.

கப்பல்துறைக் கிராமத்துக்கு உள்ளே இருந்த அந்தச் சின்ன டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி யோகலிங்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது. சுகாதாரத் திட்டம் எந்த ஊரில் எப்படி நடக்கிறது, எங்கே இடறுகிறது என்று கொழும்பிலிருந்து பார்க்க வருகிறார்கள். ஈயாடும் டிஸ்பென்சரியைக் கண்டால் இழுத்து மூடிவிட்டு அவரை வேறெங்காவது மாற்றிவிடுவார்கள். இன்னொரு மாற்றம் வந்தால் தாய் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி நல்லம்மா ஏற்கெனவே முடிவாகச் சொல்லியிருந்தாள்.

மனிதர் தேத்தண்ணிக் கடை ஸெய்னுதீனிடம் ஓடினார்.

"நானா, கடையில இருக்கிற ஆக்களை ஒருக்கா அனுப்புங்கோ. காய்ச்சல் எண்டு சொன்னாக் காணும்."

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையே, ஐயா?"

"அதுதானே பிரச்சினை!"

வந்தவர்களுக்குச் சும்மா காய்ச்சல் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒருவர் முனகினார். அடுத்தவர் நடுங்கினார். விறகு வெட்டும் கனகரத்தினம் நடுங்கிய நடுக்கத்தில் வாங்கே ஆடியது.

வந்திறங்கிய பெரிய டாக்குத்தரின் முகம் வெளுத்தது. "மலேரியா திரும்பவும் வந்திட்டுதோ?"

"சீ, வெறும் தடிமன், மூக்கடைப்பு, ஐயா," என்று யோகலிங்கம் சமாளித்தார்.

கனகரத்தினத்துக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ர காய்ச்சலைக் குறைச்சுச் சொல்லாதைங்கோ! சாகக் கிடக்கிறன்."

"எல்லாரையும் லொறியில ஏத்தி ரவுண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ!" என்றார் டாக்குத்தர்.

பட்டணத்துக்குக் காசில்லாமல் லொறி போகிறது என்ற கதை ஊரெல்லாம் பரவியது. லொறி வந்தபோது ஊரே நின்று நடுங்கியது. விற்கக் கொண்டுவந்த கோழிகளோடு ஒருவர் நடுங்கினார். "படம் முடிய லொறி திரும்பி வருமோ?" என்று இன்னொருவர் நடுங்கியபடியே கேட்டார். கூறைச் சேலை உடுத்து, பூ வைத்து, நல்லம்மாவும் வந்து நின்றாள்.

"நீயுமோ?"

"ரவுண் பாத்து எவ்வளவு காலம்? எனக்கும் குளிருதப்பா."

யோகலிங்கம் உடைந்துபோய் உண்மையைச் சொன்னார். "ஐயா, இஞ்ச ஒருத்தருக்கும் ஒரு நோய் வருத்தமும் இல்லை!"

"கண்ணுக்கு முன்னால நடுங்குதுகள், நீர் மறைக்கிறீரோ? உமக்கு உடன மாற்றம்!"

டாக்குத்தர் கோபத்தோடு ஜீப்பில் ஏறினார். டிரைவர் இராசதுரை மட்டும் யோகலிங்கத்தின் அருகில் வந்து பரிதாபமாகச் சொன்னான்:

"மலேரியா இல்லாத ஊர் இதுதான் எண்டு உங்களுக்குப் போட மாலை கொண்டுவந்தனாங்கள், ஐயா. ஜீப்புக்குள்ள கிடந்து வாடுது."