வயிறு அறிந்து வந்த கத்தரிப்பூச் சட்டை

சாயல்குடி

குவைத்தில் இருக்கும் மரியாதைக்குரிய முனியராஜ் மச்சான் அவர்களுக்கு, பால்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கச்சி மீனம்மாளும் சுகம். அங்கு நீங்களும் உங்கள் ரூம் ஏசியும் சுகமா? "பார்சல் வந்துருச்சா"ன்னு நீங்க போனில் கேட்டப்ப, "வந்துருச்சு மச்சான்"னு சொல்றதுக்குள்ளயே லைன் கட்டாகிவிட்டது. அதனால்தான் நன்றியை எழுதி, லீவு முடிந்து குவைத் திரும்புகிற பெரியபட்டினத்து சஃபீர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் மகள், உங்கள் மருமகள் சிநேகா கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பொண்ணு வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் லாவண்டர் கலரில் நிற்க வேண்டும் என்று அவள் ஒரே பிடிவாதம். இப்போது அதுதான் ஃபேஷனாம். கத்தரிப்பூக் கலர் என்றால் முறைக்கிறாள். வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டறியாத நான், கத்தரிக்காய் மாதிரி மேடையில் நிற்க மாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சண்டை போட்டேன். உங்கள் தாய்மாமன் சீர் இன்னும் வரலையே என்று மீனம்மாள் வாசலில் நின்று புலம்பினாள். முகூர்த்தம் நெருங்கும்போது பார்சல் வந்து இறங்கியது. அனுப்பியவர் பெயர் இல்லை. உங்களைத் தவிர வேறு யாரு? எல்லாருக்கும் சட்டை, சேலை. என் சட்டையில் ஒரு பட்டன்கூட இழுக்கவில்லை. நீங்க ஊரைவிட்டுப் போனப்புறம் வந்த வயிறு இது, எப்படி மச்சான் இவ்வளவு சரியா அளவு சொன்னீங்க?

மண்டபத்தில் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் அதே கலர். சம்பந்தின்னு நினைச்சு ஒரு கத்தரிப்பூச் சட்டையைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, முதல் பந்தியில் உட்கார வச்சு, நானே ரெண்டு வடை போட்டேன். அவர் ஜெனரேட்டர் ஓட்ட வந்தவராம். நிஜச் சம்பந்தி வாசலில் நின்னு கடுகடுன்னு பாத்துக்கிட்டு இருந்தார்.

என் தம்பி பாண்டீஸ்வரனும் வந்தான். வரப்பில் கருவை மரம் வெட்டின தகராறில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் நாங்க முகம் பார்த்துப் பேசாதது உங்களுக்குத் தெரியும். பத்திரிகையைக்கூட ஆள் மூலம்தான் கொடுத்தேன். அவனும் அதே கலர் சட்டையில் தூணோரம் நின்றான். எங்கேயாவது வாங்கியிருப்பான், ஊரெல்லாம் அந்தக் கலர்தானே. போட்டோக்காரர் கலரைப் பார்த்து அவனையும் மேடைக்கு இழுத்துவந்து, என் தோளில் கை போடச் சொன்னார். போட்டான்.

"சட்டை இறுக்கமா இருக்காண்ணே?"

"இல்லலே. சரியா இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு போய்விட்டான். ஆனாலும் அந்த 'அண்ணே'யைக் கேட்க வைத்தது நீங்கள் அனுப்பிய சட்டை. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் மச்சான்.

நோய்நொடி இல்லாமல், கேட்டபோது லீவு கிடைத்து, நீங்கள் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
பால்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது கூரியர்காரர் வந்தார். குவைத் பெட்டி. பிரித்தால் உங்கள் லாவண்டர் சட்டைகள், இப்போதுதான் வருகின்றன. எனக்கு அனுப்பியது என் பழைய வயிற்றுக்குத் தைத்தது, பட்டன் பாதியில் நின்றுவிட்டது. என் இப்போதைய வயிற்றைத் தினமும் பார்க்கிறவன், எங்கள் வீட்டுச் சண்டையையும் புலம்பலையும் கேட்கிறவன், ஒருத்தன்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள் மச்சான், மேலே எழுதிய நன்றி எதுவும் உங்களுக்கு இல்லை. கல்யாணத்தில் போட்ட அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போறேன்.