வெளிச்சஞானியின் ஏழு ஓட்டைகள்

வெளிச்சஞானி வந்து இறங்கிய மூன்றாம் நாளே அவர் வாடகைக்கு எடுத்த கட்டடத்தின் வாசல் வரிசை தெருமுனையைத் தொட்டது. ஒவ்வொருவர் கக்கத்திலும் சுருட்டிய வீட்டு வரைபடம். கூரைக்குள் பதிக்கும் விளக்குகளை எங்கே வைப்பது என்று ஞானி சொல்வார். வீட்டுக்கு மட்டும் வரமாட்டார். வந்தால் வீடு தாங்காதாம். வரைபடத்தின் மேல் நூலில் கட்டிய பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடுவார். குண்டு சுழலும் இடத்தில் ஓட்டை. ஒரு வீட்டில் விளக்கை இரண்டு சாண் நகர்த்தச் சொன்னார். பத்து வருட மாமியார் மருமகள் சண்டை அன்றே நின்றது. இருட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போனதும் காரணமாக இருக்கலாம். அதையெல்லாம் வரிசையில் நிற்பவர்கள் யோசிக்கக் கூடாது.

அந்த ஊரில் கோட்டு தைக்கும் தையல்காரம்மாவின் கணவரும் அந்த வரிசையில் நின்று வந்தவர்தான். எடைக்கல் சோதனை அதிகாரி. கடைத் தராசில் ஒரு கிராம் குறைந்தாலும் விடமாட்டார். ஞானியை மட்டும் நிறுத்துப் பார்க்கவில்லை.

"ஏழு விளக்கு. ஏழும் உன் நாற்காலிக்குப் பின்னால. முன்னால வெளிச்சம் வந்தா முகத்துல இருக்கிற யோகத்தை உறிஞ்சிடுமாம்" என்றார் மனைவியிடம்.

"பின்னால வெச்சா என் தலை நிழல் ஊசி மேல விழும். யோகம் தங்கும், விரல் போயிடும்."

அவள் பயம் சும்மா இல்லை. இப்போதிருக்கும் ஒற்றை விளக்கும் முதுகுப் பக்கம்தான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரியாமல், ஆறு மாதமாக வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிறாள். கோட்டு தைப்பவள் கறுப்பைத் தொடாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். தையலறைக்குப் புதிதாகப் போட்ட உள்கூரையில் பதிக்கப்போகும் விளக்குகளைத்தான் நம்பியிருந்தாள்.

அவள் தம்பி எலெக்ட்ரீஷியன். வட்ட ரம்பத்தோடு ஏணியில் காத்திருந்தான். "ஓட்டை போட்டா போட்டதுதான் மாமா. இது என்ன துணியா, அக்கா ஒட்டுப் போட்டுத் தர்றதுக்கு?"

"ஞானி வாக்குடா."

"நீ இறங்குடா தம்பி" என்றாள் அவள். "வாங்க, அந்த ஞானியை நானும் பார்க்கிறேன்."

ஞானியின் மேஜைமேல் ஒரு பழுப்புக் காகிதத்தை விரித்தாள். பென்சில் கோடுகள், ஓரத்தில் அளவுகள். ஞானி முக்கால் கண்ணை மூடினார். குண்டு ஆடியது.

"நீளமா ரெண்டு தாழ்வாரம் இருக்கு."

"ஆமாங்க, ரெண்டுதான்."

"தாழ்வாரத்துக்கு ரெண்டு ரெண்டு விளக்கு. ரெண்டும் சேர்ற இடம் ஹால். அங்க கெட்ட காத்து அடைஞ்சு கிடக்கு. மூணு விளக்கு போடலேன்னா குடும்பத் தலைவருக்கு ஆகாது."

கூட்டம் சிலிர்த்தது. கணவர் வியர்த்தார்.

"நல்லாப் பாருங்க ஐயா. இது வீடுதானா?"

"குண்டு பொய் சொல்லாதும்மா. மூணு தலைமுறை வாழ்ந்த வீடு."

அவள் காகிதத்தை எடுத்தாள். கணவரைத் திருப்பி நிறுத்தி, அவர் பின்பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். அச்சு அசலாகப் பொருந்தியது.

"இது இவரோட கால்சட்டைக்கு வெட்டின காகிதம். இடுப்பு முப்பத்தெட்டு. மூணு தலைமுறை எல்லாம் இல்லீங்க, இவர் ஒருத்தர்தான் உள்ள இருக்கார்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அந்த மூணு விளக்கையும் அங்கதான் போடணுமாம்மா?"

கட்டடமே குலுங்கியது. "குண்டு இன்னைக்குக் களைச்சுப் போச்சு" என்று நூலைச் சுற்ற ஆரம்பித்தார் ஞானி. காது வரை சிவந்திருந்த கணவர் முன்னால் வந்து கை நீட்டினார்.

"அந்தக் குண்டுக்கு அரசாங்க முத்திரை இருக்கா? எடுங்க பார்ப்போம்."

ஞானி பின்வாசல் வழியாக எழுந்தருளினார்.

வீட்டில் வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. அவள் மெஷினில் கறுப்புத் துணியை வைத்து உட்கார்ந்தாள். தம்பி ஏணியிலிருந்து டார்ச் அடித்தான். "முன்னால வா. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். நில்லு" என்றாள் அவள். நிழல் ஊசியை விட்டு விலகியது. கறுப்பு நூல் ஒவ்வொரு தையலாகத் தெரிந்தது. டார்ச் நின்ற இடத்துக்கு மேலே கூரையில் பென்சிலால் குறி, அங்கே ஓட்டை.

மறுநாள் காலை கதவைத் திறந்தால், வாசலில் வரிசை. கக்கத்தில் வரைபடங்கள்.

"அம்மா, எங்க வீட்டையும் ஒரு கால்சட்டை வெச்சுப் பார்த்துச் சொல்லணும்."

அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "வீட்டுல நீங்க எங்க உட்காருவீங்க? அங்க என்ன செய்வீங்க?"

இதுவரை யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை.

"போய் அங்க உட்கார்ந்து, நிழல் எங்க விழுதுன்னு பாருங்க. கண்ணை மூடிக்கிட்டே வாழப் போறீங்கன்னா, விளக்கே எதுக்கு?"