ரீச்சர் வலையில் பட்ட நாள்

என் செல்வங்களே, உங்கள் அப்பா கடலில் பிடித்ததைவிட வீட்டுக்குள் பிடித்ததுதான் பெரிது. நம் ஊர் கரம்பொன் முழுக்க அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வேறு யாரும் கூட்டிக் குறைத்துச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் நம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று அம்மா நினைத்திருந்த நேரம். அது சரிவராவிட்டால் அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகவேண்டும். விடியப் போனால் இருட்டத்தான் வருவார். நீங்கள் இருவரும் என் சமையலைச் சாப்பிடவேண்டி வரும் (அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும்).

முதன்முதலில் விசாரித்தவர் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு ரீச்சர். கணவரோடும் இரண்டு வயது மகளோடும் ஞாயிறு பின்னேரம் வீடு பார்க்க வருவதாகச் சொன்னார். அம்மா காலையில் உங்களை அம்மம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகும்போது, வீட்டைப் பிள்ளைக்கு ஆபத்தில்லாமல் ஆக்கி வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

என்னிடம் இப்படிச் சொல்லலாமா? கடலில் போகிறவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆடுகிற சாமானைக் கட்டு. நான்கு கதிரைகளையும் பிள்ளை ஏறி இருந்தாலும் சரியாதபடி ஒன்றோடொன்று பிணைத்தேன். கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைக் கூரை முகட்டுக்குக் கிட்ட ஓர் ஆணியில் மாட்டினேன். பின்வாசலுக்கு அந்தப் பக்கம் கிணறு. அந்த வாசலில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய நைலோன் வலையை இழுத்துக் கட்டினேன். மீனுக்கே தெரியாத வலை, ஆளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

அவர்கள் வந்தபோது அம்மா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல நான்தான் இருந்தேன்.

"பிள்ளை அழுதா என்ன செய்வீங்கள், அண்ணை?" என்று ரீச்சர் கேட்டார்.

என் மனம் முழுக்கக் கதிரைகள். "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ ரீச்சர். எல்லாத்தையும் இறுக்கிக் கட்டிப்போடுவன்" என்றேன்.

ரீச்சரின் முகம் வெளுத்தது. கிணறு எங்கே என்று கேட்டு, என் பதிலுக்கு நிற்காமல் பின்வாசலால் விறுவிறென்று போனார்.

முதலில் கொண்டை வலையில் பட்டது. பிறகு தோடு, கைப்பை, சேலைத் தலைப்பு. உதறினார், இரண்டு கையும் பட்டன.

"துள்ளாதேங்கோ ரீச்சர், துள்ளத் துள்ள இறுகும்" என்றேன். ஒரு ரீச்சரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

வெட்டக் கத்தி வேண்டும். கத்தி அலுமாரிக்குள். திறப்பு முகட்டில். ஏறக் கதிரை வேண்டும். கதிரையை இழுத்தால் நான்கும் சேர்ந்து வந்தன. கடைசிக் கதிரையில் ரீச்சரின் கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவரை எழும்பச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எழும்ப அவருக்கும் தோன்றவில்லை. கரைவலை இழுப்பதுபோல அவரையும் சேர்த்து இழுத்தேன். பிள்ளை கைதட்டி, "இன்னும், இன்னும்" என்றது.

அம்மா தேத்தண்ணியோடு வந்தபோது நான் கத்தியும் கையுமாக ரீச்சரின் முன்னால் நின்றேன். துணிக்கடை வேலைதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

வெட்டி எடுத்தபின் ரீச்சர் கொண்டையில் வலைத்துண்டோடு கிணற்றைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "பெரிய ஆள் எனக்கே அங்கால போக ஏலாமல் கிடக்கு. பிள்ளை எப்பிடிப் போகும்? நாளைக்கே கொண்டுவாறன் அக்கா. அண்ணையை மட்டும் கதைக்க விடாதேங்கோ."

இன்றைக்கும் கரைக்குப் போனால், "எத்தினை பிள்ளை பட்டது?" என்றுதான் கேட்கிறார்கள்.

அன்றைக்கு அவர்கள் போனபின், அம்மா இரவல் வாங்கிய கோப்பைகளைக் கொடுக்கப் போனார். நான் தனியே இருந்து வலையில் வெட்டின இடத்தை நூலால் பொத்தி, பெரியவர்களுக்குத் தெரியும்படி சிவப்புத் துணி ஒன்றும் கட்டினேன். பிறகு முழங்காலில் நின்று, இரண்டு வயதுப் பிள்ளையின் உயரத்தில் தலையால் முட்டிப் பார்த்தேன். வலை அசையவில்லை. மீசைதான் பட்டது. யாரையும் கூப்பிடாமல், துள்ளாமல், மெல்ல நானே கழற்றினேன்.