உன் அக்கா முணுமுணுக்க அனுமதி கோரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆகவே சௌக்கியம். உன் அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், அது ஒன்றுதான் குறை. இதற்கு முழுக் காரணமும் நீதான் என்று எழுதினால் என் மனசாட்சி ஒப்புக்கொள்ளாது. முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்.

நான் ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா விட்டால் சுவரோடு வழக்காட ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்து, உன் அக்கா என்னைத் தன் தையல் கடைக்குக் கூட்டிப் போனது உனக்குத் தெரியும். அங்கே எனக்கு மூன்று வேலை: பில் போடுவது, தைத்து முடித்த துணியை எடுத்துக் கொடுப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்றாவதில்தான் பயிற்சி போதாது. காலமெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் பொடி எழுத்து நிபந்தனைகளைப் படித்துவிட்டு, 'ஐயா, உங்கள் வீடு எரிந்தது உண்மைதான், ஆனால்...' என்று ஆரம்பித்துப் பழகிய வாய் இது. கடையில் பாட்டு போடும் பென் டிரைவ் கண்ணில் பட்டது. கட்டிங் மாஸ்டர் எங்கெங்கோ இறக்கிச் சேர்த்தது, அத்தனையும் திருட்டுப் பாட்டு. "எல்லாக் கடையிலயும் இதான் சார் ஓடுது" என்றார். ஊரே கிணற்றில் விழுந்தால் நாமும் விழுவதா என்று கேட்டு, அதைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து கடையில் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பாட்டு இல்லாமல் கத்தரி நேராகப் போகாது என்று மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்போதுதான், என் போதாத காலம், உன்னிடம் யோசனை கேட்டேன்.

நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அத்தான், இணையத்துல சின்னச் சின்ன மியூசிக் லேபிளுங்க எக்கச்சக்கமா இருக்கு. பெரிய கம்பெனி கிடையாது. நாலு பேர் சேர்ந்து, அவங்க வாசிச்சதை அவங்களே வெளியிடுறாங்க. இலவசமா இறக்கிக்கலாம். திருட்டு இல்ல, சட்டப்படி. எடுத்துக்கோங்கன்னு அவங்களே சொல்லித்தான் போடுறாங்க" என்றாய். சட்டப்படி, இலவசம் என்ற இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் வந்ததை என் ஆயுளில் அன்றுதான் கேட்டேன். கண்ணீர் வராத குறை.

முதலில் நீ அனுப்பியது 'ஆழ்ந்து கேட்க வேண்டியது' என்றாய். கேட்டோம். ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று முக்கால் மணி நேரம். மாஸ்டர் மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார், இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார், சத்தம் போகவில்லை, அது பாட்டுதான் என்று நான் சொல்லச் சொல்லக் காதில் போட்டுக்கொள்ளாமல் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுவிட்டார். அந்த மனிதர் வந்து சுவரில் காதை வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, கண்ணை மூடிக் கேட்டு, "வயரிங் பூரா மாத்தணும்" என்றார். நான் போய்ப் பாட்டை நிறுத்தினேன். சத்தம் நின்றது. தான் தட்டிய தட்டில்தான் நின்றது என்று சொல்லிக் கூலியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது, ஒரு அம்மா தன் வீட்டுச் சமையலறையில் பியானோ வைத்து வாசித்தது. வாசிப்பு நடக்கும்போதே எங்கோ தண்ணீர் கொதிக்கிறது, பாத்திரம் உருள்கிறது, நடுவில் யாரோ ஒரு கதவைச் சாத்துகிறார்கள். அந்தக் கதவுச் சத்தம் வரும்போதெல்லாம் கடையில் எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்ப்போம். பழகிப்போன பிறகு நிஜமாகவே வாடிக்கையாளர் வந்து நின்றாலும் ஒருவரும் தலை தூக்கவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை, நல்ல வாசிப்பு. மாஸ்டரே "ஓடட்டும் சார்" என்றார். உன் அக்கா அதைக் கேட்டுக்கொண்டே முணுமுணுக்க ஆரம்பித்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் குரலில் ஒரு ராகம் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு நிறைந்து போயிற்று. அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

இருந்தேனா? அந்தப் பாட்டை இறக்கிய இணையப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்து இருந்தது. பொடி எழுத்தைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். மூன்று நிபந்தனை. வாசித்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது. இலவசமாகக் கொடுத்தவருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானே என்று முறைப்படி கடைப்பிடித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுந்து நின்று, வாசித்தவர், வெளியிட்டவர், ஆண்டு, நிபந்தனை எல்லாவற்றையும் சத்தமாக அறிவித்தேன். வியாபாரம் கூடாது என்பதால் பில் போடும்போது பாட்டை நிறுத்தினேன். பில் முடிந்ததும் மறுபடி பாட்டு, மறுபடி பாட்டு என்றால் மறுபடி அறிவிப்பு. வங்கி மேலாளர் அம்மா அளவு கொடுக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் அறிவித்துக்கொண்டிருக்கிறேன். "சார், கை வலிக்குது" என்றார்கள். "ஒரு நிமிஷம் மேடம், வெளியிட்டவர் பெயர் பாக்கி" என்றேன்.

அறிவிப்பு முடிந்து பாட்டு ஓட ஆரம்பித்ததும் உன் அக்கா முணுமுணுத்தாள். மூன்றாவது நிபந்தனை என் கண் முன்னால் வந்து நின்றது. ஆதாரம் இல்லாமல் பேசிப் பழக்கமில்லாததால் போனில் பதிவு செய்துகொண்டு, பிறகு சொன்னேன்: "இங்க பாரு, பாட்டை மாத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு. அந்தம்மா இறங்குற இடத்துல நீ ஏறுறே." மெஷின் நின்றது. மாஸ்டரின் கத்தரி நின்றது. மேலாளர் அம்மா விரித்த கையை மடக்கவில்லை. உன் அக்கா "சரிங்க" என்றாள். அந்த 'சரிங்க'வை நீ கேட்டிருக்க வேண்டும்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடையில் எது சொல்வதானாலும் மாஸ்டர் வழியாகத்தான். "மாஸ்டர், சாப்பாடு ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க." மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "சார், சாப்பாடு ஆறுதாம்" என்பார். நான் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் மாஸ்டர் இல்லையே, அதனால் தட்டு வைக்கும் சத்தத்தை வைத்து நானாகப் புரிந்துகொள்கிறேன். பேசாததைக்கூடத் தாங்கிக்கொள்வேன். முணுமுணுப்பும் நின்றுவிட்டது. அந்தப் பியானோ இப்போது தனியாக ஓடுகிறது. கேட்கச் சகிக்கவில்லை.

நான் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த அலுவலக ஆங்கிலத்தில் அந்தப் பியானோ அம்மாவுக்கே மின்னஞ்சல் எழுதினேன். என் மனைவி தங்கள் இசையுடன் கடை நேரத்தில் முணுமுணுக்கத் தாங்கள் சிறப்பு அனுமதி வழங்க வேண்டும் என்று கேட்டு, முணுமுணுப்பின் மாதிரியையும் இணைத்திருந்தேன். பதில் இல்லை. உலகம் தெரிந்தவன் நீ, நீயாவது அந்த அம்மாவுக்கு நாலு வரி எழுது. முடியாவிட்டால் உன் அக்காவிடம் என் சார்பில் பேசு. எதுவும் நடக்காவிட்டால் மாஸ்டரிடம் பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நான் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறேன் என்று இதிலிருந்தே தெரிந்துகொள். ஒன்று மட்டும் உறுதி: இனி எனக்கு எந்தப் பாட்டையும், எந்த லேபிளையும் பரிந்துரைக்காதே. சட்டப்படி கிடைப்பதும் வேண்டாம், இலவசமாகக் கிடைப்பதும் வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, பொடி எழுத்துப் பக்கம் போகாமல், பல்லாண்டு வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
வாய் மூடக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் அத்தான்

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. உறையை ஒட்டுவதற்குள் அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. முணுமுணுக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமாம், மாற்றி வெளியிடுகிறவர்களுக்குத்தான் அந்த நிபந்தனையாம். கடையில் போட அவருக்குப் பூரண சம்மதம், பில் போடும்போது நிறுத்த வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். அதோடு, 'நான் இறங்கும் இடத்தில் உங்கள் மனைவி ஏறுவதுதான் சரி, எனக்கு அது தோன்றவில்லை, அவர் குரலை என் அடுத்த தொகுப்பில் சேர்க்கலாமா?' என்றும் கேட்டிருக்கிறார். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு போய்க் கடையில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினேன். உன் அக்கா மாஸ்டரைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்தாள்.

"என் குரல் அவங்ககிட்ட எப்படிப் போச்சு?"

"நான்தான் அனுப்பினேன்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

மாப்பிள்ளை, நான் போய்ப் பில் போடும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"முகம் தெரியாத அம்மாவோட பாட்டுக்கு எழுந்து நின்னு அத்தனை மரியாதை பண்ணீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா?"

எழுந்து நின்றேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன். "கேட்காம எடுத்தது தப்பு. நல்லா இருந்துச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும், அதுவும் தப்பு. இப்ப கேக்குறேன், அவங்க சேர்த்துக்கட்டுமா?" என்றேன். உன் அக்கா துணியை இழுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள். மெஷினை மிதித்தாள். மாஸ்டர் ஓசைப்படாமல் போய்ப் பாட்டைப் போட்டார். பியானோ இறங்கியது, உன் அக்கா ஏறினாள்.

இன்னும் நாலைந்து லேபிள் இருந்தால் உடனே அனுப்பு, அந்த 'ம்ம்ம்' மட்டும் வேண்டாம். அந்த அம்மாவுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. உன் அக்கா முணுமுணுத்ததைச் சம்மதம் என்று நானாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பாட்டு முடியட்டும், மறுபடி கேட்கிறேன்.