லிஃப்டில் கழிந்த ஒற்றுமை நாள்

அன்புள்ள தங்கை சனூபருக்கு,

பாகூவிலிருந்து மூத்த அண்ணன் ஆகாமிர்ஸா எழுதிக்கொள்வது. இங்கே காற்றைத் தவிர மற்ற எல்லோரும் அமைதியாக இருக்கிறோம். கொலோனில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ் அருளட்டும்.

நீ ஃபோனை எடுக்காததால்தான் இந்தக் கடிதம். "டிசம்பர் முப்பத்தொண்ணு உலகத்துல இருக்கிற அஜர்பைஜான்காரங்க எல்லாருக்கும் ஒற்றுமை நாள். என் அண்ணன்மார் மட்டும் ஒரே கட்டடத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறீங்க. அன்னிக்கு ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்க்கலேன்னா கோடையில ஊருக்கே வரமாட்டேன்" என்றாயே, அன்று நீ கூப்பிட்டபோது இருவரும் கிடைக்காததன் காரணத்தைக் கேள்.

என் பணி ஓய்வு விருந்தில் உன் அண்ணி ஃபிரங்கிஸ் செய்த பிலாவுச் சோற்றைத் தம்பி பாலாகிஷி "கஞ்சி" என்றதிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை. ஆனாலும் உனக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அதே மாதிரிப் பிலாவைச் செய்யச் சொல்லிச் சட்டியோடு தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போக லிஃப்டை அழைத்தால், கதவு திறக்கிறது, உள்ளே அவனே நிற்கிறான், கையில் குட்டிக் கறிக் கொழுக்கட்டைகள் மிதக்கும் தூஷ்பரா சூப்புப் பாத்திரம்! திரும்பிப் போனால் கௌரவக் குறைச்சல் என்று நானும் ஏறிக்கொண்டேன். லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கியது, கரண்ட் போனது, இரண்டு மாடிக்கு நடுவே தொங்கினோம், ஃபோனில் சிக்னலும் இல்லை. இருட்டில் பேசாமலேயே நின்றோம். கடைசியில் என் வயிறுதான் முதலில் பேசியது.

"அண்ணே, கரண்டி இருக்கா?"

"கஞ்சிக்கு எதுக்குடா கரண்டி? அப்படியே குடி."

கையாலேயே அள்ளித் தின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நல்லாத்தாண்ணே இருக்கு. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. என்னை வேலைய விட்டு அனுப்பினப்போ ஒருத்தன்கூட ஒரு டீ வாங்கித் தரல. உனக்கு அவ்வளவு பெரிய விருந்து. வயிறெரிஞ்சு சொல்லிட்டேன்."

அவன் சூப்பை வாங்கிக் குடித்தேன். உப்பு தூக்கல். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது எதிர்வீட்டு துர்ரா படிக்கட்டிலிருந்து கத்தினாள்: "யோவ், உயிரோட இருக்கீங்களா? சண்டைச் சத்தத்தையே காணோமே!"

கரண்ட் வந்து வெளியே வந்ததும் இருவரும் சேர்ந்து நின்று உன்னைக் கூப்பிட்டோம். நீதான் எடுக்கவில்லை. கோபத்தை விட்டுவிட்டு எடு அம்மா. மாப்பிள்ளைக்கு என் ஸலாம். பிள்ளைகளின் கண்களில் என் முத்தங்கள்.

உன் அண்ணன்,
ஆகாமிர்ஸா

பி.கு.: பாலாகிஷி இதைப் படித்துவிட்டு, அத்தனையும் பொய் என்கிறான். சூப்பை வாட்ச்மேனுக்குத்தான் கொண்டு போனானாம், நான் குறுக்கே வந்து ஏறினேனாம். ஆகவே மறுபடியும் எங்களுக்குள் பேச்சில்லை. காலையிலிருந்து என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்கிறான். சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்று நான் மேசையில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன்.