மின்னரசி அழுத வாரம்

"மின்னரசி அழுதாளாம்!"

கமலாசனி வாரப் பத்திரிகையைக் குசினி மேசையில் ஓங்கி அடித்தாள். தேத்தண்ணீர் துள்ளிக் கணவன் சிற்றம்பலத்தின் இடுப்புச் சாரத்தில் கொட்டியது.

"ஆரப்பா அவ? எங்கட வாய்க்கால் பக்கத்து ஆளோ?" என்றான் அவன்.

கமலாசனி தர்மபுரத்தின் மருத்துவமாது. பதின்மூன்று வயதில் 'ஏழிருள் கோட்டை'யின் ஐந்து பாகங்களையும் மனப்பாடமாக்கியவள். அதில் இளவரசி மின்னரசி ஒருமுறைகூட அழவில்லை. அரக்கன் கையை முறுக்கியபோதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் கமலாசனி தனியாளாக முதல் பிரசவம் பார்த்தாள்.

பதினைந்து வருடம் கழித்து, அதே எழுத்தாளர் அதன் கிளைக்கதையை யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் தொடங்கியிருந்தார். 'சூனியக்காரி நச்சுக்குழலியின் இளமைக்காலம்.' ஆசையோடு வாசிக்கத் தொடங்கியவளுக்கு ஐந்தாவது வாரம் இரத்தம் கொதித்தது.

உடனே கடிதம் எழுதினாள். 'அழவைத்தது போதாது. இனிச் சூனியக்காரி வீட்டில் சட்டி கழுவவும் விடுங்கள்!'

அடுத்த வாரம் மின்னரசி சட்டி கழுவினாள். அதுவும் அடிப்பிடித்த சட்டி.

"எனக்கு நக்கல் காட்டுறான்!"

"இனி எழுதாதையும்," என்றான் சிற்றம்பலம்.

எழுதினாள். 'வெட்கமில்லையா? சூனியக்காரியின் தமையனுக்கே அவளைக் கட்டியும் கொடுங்களேன்!'

அடுத்த வாரம் கலியாணம். பந்திச் சாப்பாடு மட்டும் இரண்டு பக்கம்.

கமலாசனி கிளினிக்குக்கு வந்த பெண்களிடம், "அந்தக் கண்டறியாத கதையை ஒருத்தரும் வாசிக்கப்படாது!" என்று கத்தினாள். அன்றிலிருந்து எல்லோரும் வாசித்தார்கள்.

மூன்றாவது கடிதத்தில் பேனா முனை தாளைக் கிழித்தது. 'இனியென்ன, மசக்கையில் வாந்தி எடுக்க வேண்டியதுதானே!'

மின்னரசி வாந்தி எடுத்தாள்.

கிளினிக்கில் விமலேஸ்வரி தன் எட்டு மாத வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டாள். "மிஸ்ஸி, ஆருக்கு முந்திப் பிறக்கும்? எனக்கோ, மின்னரசிக்கோ?"

அதற்குமேல் கமலாசனியால் தாங்க முடியவில்லை. மறுநாள் லீவு போட்டாள். குடையையும் எடுத்துக்கொண்டாள். வெயிலுக்கு அல்ல. கிளிநொச்சியில் காலை ரயில் ஏறி, யாழ்ப்பாணத்தில் அந்த அச்சகத்துக்குள் புயலாக நுழைந்தாள்.

உள்ளே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அச்சுக்கோர்க்கும் ஏரம்பு.

"இந்தத் தொடர் எழுதுறவன் எங்கை?"

"நீங்கள் ஆர்?"

"தர்மபுரம் கமலாசனி!"

ஏரம்பு துள்ளி எழுந்தார். மை படிந்த கையைத் துடைத்து, கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ அம்மா, இருங்கோ! அவர் மின்னரசி அழுத வாரமே காலமாயிட்டார். அதுக்குப் பிறகு உங்கட கடிதங்களை வைச்சுத்தான் கதையை ஓட்டுறம். இந்தக் கிழமைக்கு இன்னும் கடிதம் ஒண்டும் வரேல்லை. சொல்லுங்கோ, பிள்ளை ஆணோ, பெண்ணோ?"